அவருக்கு மட்டும் மைனஸ் வந்தது

எங்கள் மாதா கோவிலில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடியும்போது மணி பத்தரை ஆகிவிடும். பிறகு கீழ்த்தள மண்டபத்தில் தேநீர். தேநீர் குடித்துவிட்டுப் பாதிப் பேர் தேக்கா கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கக் கிளம்பிவிடுவார்கள். மீதியிருப்பவர்களில் எட்டு, ஒன்பது பேர் ஜன்னல் ஓரத்து மேசையைச் சுற்றி உட்காருவோம். சேமிப்பு, காப்பீடு, பங்குச் சந்தை என்று அவரவருக்குத் தெரிந்ததைப் பேசுவோம். அந்தக் கூட்டத்தை ஆரம்பித்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். எங்களில் பலரைப் போல ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர் இல்லை, இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் எல்லோருக்கும் ஆன்ட்டி. “பங்குக்குள்ளேயே பங்குச் சந்தையா?” என்று பங்குச் சாமியார் ஒருநாள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். எங்கள் கோவில் வட்டாரத்துக்கும் பங்கு என்றுதான் பெயர்.

அந்த மேசையில் பங்குச் சந்தைக்கு நான்தான் பொறுப்பு. யாரும் நியமிக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் எனக்கு வேலை. வங்கியில் வேலை என்றாலே பணத்தைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அதை நான் திருத்தவில்லை.

உண்மையில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பெருந்தொற்று வந்து, குவீன்ஸ்டவுன் வாடகை வீட்டுக்குள் நானும் கணவரும் அடைபட்டுக் கிடந்த மாதங்களில் பொழுது போகாமல் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். சந்தையில் தினமும் எத்தனை பங்குகள் விலை ஏறின, எத்தனை இறங்கின என்று மாலையில் வெளியிடுவார்கள். ஏறியதிலிருந்து இறங்கியதைக் கழிக்க வேண்டும். இருநூறு ஏறி நூற்றைம்பது இறங்கியிருந்தால் அன்றைக்கு ஐம்பது கூடுதல். அதை நேற்று வரைக்கும் சேர்ந்த மொத்தத்தோடு கூட்ட வேண்டும். நாளைக்கு வருவதை இன்றைய மொத்தத்தோடு. இப்படிக் கூட்டிக்கொண்டே போய், புள்ளிகளை இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும். சந்தைக் குறியீட்டெண் ஏறுகிறது என்று செய்தியில் சொல்வார்கள். ஆனால் அதை இரண்டு மூன்று பெரிய வங்கிகள் மட்டும் தூக்கிக்கொண்டிருக்கலாம். மற்ற நூற்றுக்கணக்கான பங்குகள் என்ன செய்கின்றன என்பதை இந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அது பிடித்திருந்தது. கணினியில் ஓர் அட்டவணை போட்டு, ஒருநாள் விடாமல் எழுதினேன்.

நான் ஆரம்பித்தது சந்தை விழுந்து தரையில் கிடந்த சமயம். அப்போது அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. சந்தை பிறகு எழுந்து ஓடியது, என் மொத்தமும் கூடவே ஏறியது. இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. மாதக் கடைசியில் அந்தக் கோட்டைப் படமெடுத்து, கீழே மொத்தத்தை எழுதி, எங்கள் கைப்பேசிக் குழுவில் போடுவேன். “நம்ம கோடு நல்ல பிளஸ்ல இருக்கு. சந்தை ஆரோக்கியமா இருக்கு” என்று எழுதுவேன். கைதட்டல்கள் வரும். ஆன்ட்டி ரோஜாப்பூ அனுப்புவார்.

அப்போதுதான் எங்கள் மேசைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். தூத்துக்குடிக்காரர். கப்பல் பட்டறையில் பெயிண்டிங் பிரிவில் சூப்பர்வைசர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சாதாரணத் தொழிலாளியாக வந்து, படிப்படியாக மேலே வந்தவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். நான் அண்ணே என்பேன். பூசைக்கு எப்போதும் முழுக்கைச் சட்டைதான். கையை மடித்துவிட்டுப் பார்த்ததில்லை.

இரண்டாவது வாரமே என்னிடம் கேட்டார்.

“மேடம், நீங்க போடுற அந்தக் கோடு, அத நாமளே போடலாமா? இல்ல ஆபீஸ்ல உள்ளவங்களுக்கு மட்டுந்தானா?”

“யார் வேணாலும் போடலாம் அண்ணே. கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும்” என்று சொல்லி, ஒரு தாளில் நான்கு நாள் கணக்கை எழுதிக் காட்டினேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். “இன்னிக்கு சைபர்னு ஆரம்பிங்க. நாளையிலேர்ந்து கூட்டிக்கிட்டே போங்க” என்றேன்.

இந்த வாக்கியத்தைப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவரை எந்த இடத்தில் ஆரம்பிக்கச் சொன்னேன் என்பது எனக்கே தெரிந்திருக்கவில்லை.

அவர் ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கி, தினமும் வேலை முடிந்து தொழிலாளர் விடுதிக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து எழுதினார். தேதி, ஏறியது, இறங்கியது, வித்தியாசம், மொத்தம். ஐந்து பத்திகள். பேருந்துக் குலுக்கலில் எழுதியது என்று சொன்னால்தான் தெரியும். அப்படி ஒரு சீரான கையெழுத்து. மேசையில் நோட்டை விரித்து வைத்துவிட்டு, யாராவது பார்ப்பார்களா என்று ஒரு கணம் காத்திருப்பார். பார்க்காவிட்டால் மெதுவாக மூடிவிடுவார். ஒன்றிரண்டு தடவை நான் பார்த்திருக்கிறேன். “நல்லா நீட்டா இருக்கு அண்ணே” என்று சொன்னதோடு சரி.

அந்தச் சமயத்தில்தான் ஒரு படிப்பிலும் சேர்ந்தார். பட்டறையில் பாரம் தூக்கும் வேலைகளை மேற்பார்வை செய்ய ஒரு சான்றிதழ் தேவை. கம்பெனியே கட்டணம் கட்டி அவரை அனுப்பியது. புதன், வெள்ளி மாலை வகுப்பு. “பத்தாவதுல கணக்குல பெயிலு மேடம் நான். இப்ப இந்த வயசுல மறுபடியும் உக்காந்துருக்கேன்” என்று கூச்சத்தோடு சொன்னார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

நான்கைந்து மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

“மேடம், எனக்கு மைனஸ் வருதே.”

“எதுல?”

“கோட்டுல. உங்களுக்கு நாலாயிரத்துச் சொச்சம் பிளஸ்னு போட்டுருக்கீங்க. எனக்கு மைனஸ்ல போய்ட்டு இருக்கு. மாசாமாசம் கூடுது.”

“எங்கேயாவது தப்பாக் கூட்டியிருப்பீங்க அண்ணே. ஒரு நாள் தப்பானா அதுக்கப்புறம் எல்லாமே தப்பாயிடும். மறுபடியும் பாருங்க.”

அவர் தலையாட்டினார். அடுத்த வாரம் வந்தார். “பாத்துட்டேன் மேடம். அதேதான் வருது.” அன்றைக்கு எனக்கு அவசரம். கணவரோடு எங்கேயோ போக வேண்டியிருந்தது. “பிளஸ், மைனஸ் குறிய மாத்திப் போட்டிருப்பீங்க. குரூப்ல போட்டோ எடுத்துப் போடுங்க, நான் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். அன்று மதியமே அவர் படம் அனுப்பியிருந்தார். நான் திறக்கவில்லை. அதன்மேல் வேறு செய்திகள் வந்து விழுந்தன. யாருக்கோ பிறந்தநாள்.

மூன்றாவது தடவை அவர் கேட்டது எல்லோர் முன்னாலும். அன்றைக்கு மேசையில் பேச்சு சிறிய கம்பெனிப் பங்குகளைப் பற்றி. எங்களில் நான்கு பேர் அவற்றை வாங்கியிருந்தார்கள். என் பேச்சைக் கேட்டுத்தான். கோடு பிளஸ்ஸில் இருக்கிறது, அதனால் சின்னப் பங்குகளுக்கும் நல்ல காலம் என்று நான் சொல்லியிருந்தேன். அவரும் வாங்கியிருந்தார்.

“இல்ல மேடம், என் கணக்குப்படி அஞ்சு மாசமா எறங்குற பங்குதான் அதிகம். இத வித்துட்டு வெளிய வந்துரலாமான்னு யோசிக்கேன்” என்றார்.

நான் சிரித்தேன். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை, ஆனால் சிரித்தேன். “அண்ணே, நான் கம்ப்யூட்டர்ல போடுறேன். நீங்க பஸ்ல உக்காந்து கையால போடுறீங்க. எதுல தப்பு வரும், நீங்களே சொல்லுங்க?”

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆன்ட்டி அவர் முதுகில் தட்டி, “விடு லா, நமக்கு எதுக்கு அவ்ளோ கணக்கு? அவங்க பாத்துக்குவாங்க” என்றார். அவரும் சேர்ந்து சிரித்தார். நோட்டை மூடி, துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார். பங்குகளை விற்கவில்லை.

அடுத்த ஞாயிறும் வந்தார், நோட்டு வரவில்லை. அதற்கடுத்து மேசைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பூசையில் பின்வரிசையில் தெரிவார். முடிந்ததும் போய்விடுவார். ஷிப்ட் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

சின்னப் பங்குகள் விழுந்துகொண்டே இருந்தன. குறியீட்டெண் என்னவோ மேலேதான் நின்றது. என் மொத்தம் ஐயாயிரத்திலிருந்து நாலாயிரத்து ஐந்நூறாகி, நாலாயிரமாகி, அதற்கும் கீழே வந்தது. ஒவ்வொரு மாதமும் நான் பிளஸ் என்றே எழுதினேன். பிளஸ்தானே அது? பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்வரை ஆபத்தில்லை என்று நானாகவே ஒரு விதி வைத்திருந்தேன். அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஓராண்டுக்கு மேல் கழித்து என் மடிக்கணினி பழுதாகிவிட்டது. கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அட்டவணை போய்விட்டது. நகல் எடுத்து வைக்கவில்லை; கணினிப் பிரிவில் வேலை பார்ப்பவள் இதைச் சொல்லவே வெட்கப்பட வேண்டும். ஒரு விடுமுறை நாளில் புதிதாக எழுத உட்கார்ந்தேன். பழைய விவரம் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் கிடைத்தது. அங்கிருந்து பூஜ்யம் என்று ஆரம்பித்து, ஒவ்வொரு நாளாகக் கூட்டினேன்.

மைனஸ் வந்தது.

தப்பு என்று அழித்துவிட்டு மறுபடியும் போட்டேன். மறுபடியும் மைனஸ். குறி மாறியிருக்குமோ என்று பார்த்தேன். மாறவில்லை. சூத்திரத்தை ஐந்து தடவை சரிபார்த்தேன். பிறகு குழுவில் நான் போட்டிருந்த பழைய படங்களைத் தேடி எடுத்து, புதுக் கோட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே கோடு. ஏறின இடத்தில் ஏறி, விழுந்த இடத்தில் விழுந்து, ஒரு சின்ன வளைவுகூட மாறாமல் அச்சு அசலாக அதே கோடு. இது பல ஆயிரம் தாழ்வாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் புரிந்தது. பூஜ்யம் என்பது சந்தையின் தரைமட்டம் இல்லை; நான் எழுத உட்கார்ந்த நாள். விழுந்து கிடந்த நாளில் உட்கார்ந்தேன், பிளஸ் வந்தது. உச்சியில் நின்ற நாளில் ஒருவர் உட்கார்ந்தால் மைனஸ் வரும். மொத்தம் எவ்வளவு என்பதற்கு அர்த்தமே கிடையாது. கோடு எந்தப் பக்கம் போகிறது என்பது மட்டும்தான் சேதி. அது ஓராண்டுக்கு மேலாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. அதை ஒரு மனிதர் என்னிடம் மூன்று தடவை வந்து சொன்னார்.

குழுவில் இன்னும் பின்னால் போய் அவர் அனுப்பிய படத்தைத் தேடினேன். கிடைத்தது. அன்றுதான் முதல்முறையாக அதைத் திறந்தேன். ஒரு மாதத்துக் கணக்கு, ஒரு பக்கம். முதல் வரியில் முந்தின மாதக் கடைசி நாளின் மொத்தம், மைனஸ் முந்நூற்றுத் தொண்ணூற்றேழு. கடைசி நாள் மைனஸ் அறுநூற்றுப் பன்னிரண்டு. இரண்டுக்கும் இடையில் இருநூற்றுப் பதினைந்து. அதே இரண்டு நாட்களுக்கு நான் போட்டிருந்த படங்களில் என் மொத்தம் நாலாயிரத்து எண்ணூற்று மூன்றிலிருந்து நாலாயிரத்து ஐந்நூற்று எண்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. கழித்துப் பார்த்தேன். இருநூற்றுப் பதினைந்து. பக்கம் முழுவதையும் வரி வரியாகக் கூட்டினேன். ஓர் எண்கூடத் தப்பில்லை. நான்கு இடங்களில் பென்சிலால் சின்னச் சின்ன டிக் போட்டிருந்தார். திரும்பத் திரும்பச் சரிபார்த்ததன் அடையாளம்.

இரண்டு நிமிட வேலை அது. அந்த ஞாயிறு நான் படியேறாமல் நின்று அவர் நோட்டையும் என் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவரைவிட எனக்குத்தான் அது பாடமாக இருந்திருக்கும்.

அவருக்குப் போன் செய்தேன். எடுத்ததும், “சொல்லுங்க மேடம், எல்லாரும் சௌக்கியமா?” என்றார், நேற்றுதான் பேசியது போல. நேரில் பார்க்க வேண்டும் என்றேன். அடுத்த ஞாயிறு மதியம், தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடை. கூட்டம் நெரிந்தது. மாடியில் ஒரு மேசை கிடைத்தது. சாப்பாடு வரும்வரை ஊர்க் கதை பேசினோம். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள் என்றார். பிறகு நான் இரண்டு தாள்களை எடுத்து விரித்தேன். ஒன்றில் என் எண்கள், இன்னொன்றில் அவருடைய பக்கம். நடந்ததைச் சொன்னேன். சொல்வதற்காக எழுதி வைத்துக்கொண்டு போனதில் பாதியை விட்டுவிட்டேன்.

அவர் கையைத் துடைத்துவிட்டு, தாள்களைத் தன் பக்கம் திருப்பினார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு இறங்கினார். வாய்க்குள் எண்கள் ஓடின.

“அப்ப நான் கூட்டுனது சரிதானா மேடம்?”

“சரிதான் அண்ணே. எல்லாமே சரி. நான்தான் தப்பு. நீங்க ஆரம்பிச்ச நாள் வேற, நான் ஆரம்பிச்ச நாள் வேற, அவ்வளவுதான். அதப் பாக்கத் தெரியாம உங்கள எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசிட்டேன். மன்னிச்சுடுங்க.”

“ஐயையோ, அதெல்லாம் எதுக்கு மேடம்” என்றார். ஆனால் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நான் ரூம்ல ரெண்டு பேரக் கூட்டிப் பாக்கச் சொன்னேன். அவனுங்களுக்கும் அதேதான் வந்துச்சு. மூணு பேருமே தப்பாப் போடுதோம்னு நெனச்சுக்கிட்டோம்.”

நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். விடுதி மாறும்போது போட்டுவிட்டாராம். பங்குகளைப் பற்றிக் கேட்டேன். “பாதி நஷ்டத்துல வித்தேன். அது கெடக்கட்டும் மேடம், சந்தைன்னா ஏறும் எறங்கும்” என்று சோற்றைப் பிசைந்தார். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது எனக்கு. அந்த நிம்மதியில்தான் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

“அந்தக் கோர்ஸ் முடிச்சுட்டீங்களா அண்ணே? பாரம் தூக்குறது?”

“அத விட்டுட்டேன்.”

“ஏன்?”

“அதுல பூராவும் கணக்குதான் மேடம். கிரேன் எவ்ளோ தூக்கும், சங்கிலி எவ்ளோ தாங்கும், எல்லாத்தையும் நாமதான் போட்டுப் பாத்துக் கையெழுத்துப் போடணும். ஒரு சாதாரணக் கூட்டலே நமக்குத் தப்பா வருது. இதுல ஒண்ணு தப்பாப் போச்சுன்னா கீழ நிக்கிறவன் செத்துருவான்லா? வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

என்னைக் குத்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எந்த மாதம் விட்டார் என்று கேட்டேன். சொன்னார். என் மேசையில் எல்லோரும் சிரித்ததற்கு அடுத்த மாதம்.

மறுபடியும் சேரலாமே என்றேன். கம்பெனி ஒரு தடவைதான் அனுப்புமாம். அந்த இடத்துக்கு வேறொருவர் போய்ச் சான்றிதழும் வாங்கிவிட்டார். நான் கட்டணம் கட்டுகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் முகம் சட்டென்று மாறியது. “அதெல்லாம் வேண்டாம் மேடம். சாப்பிடுங்க, ஆறுது” என்றார். சாப்பிட்டு முடித்தோம். கீழே இறங்கி, ரயில் நிலையம் வரை ஒன்றாக நடந்தோம். அந்த இரண்டு தாள்களில் அவருடைய பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மேசையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ மட்டுமா சொன்ன? நாங்களும்தானே சிரிச்சோம் லா” என்றார். யாரோ, நல்லெண்ணத்தில்தானே செய்தீர்கள் என்றார்கள். அந்த வார்த்தை எனக்கு உதவவில்லை. நல்லெண்ணம் இருந்தது, பார்க்கும் பொறுமை இல்லை. வங்கி, கணினி, மேடம் என்ற அழைப்பு இதெல்லாம் சேர்ந்து, தப்பு இருந்தால் அவர் பக்கம்தான் இருக்கும் என்று எனக்குள் ஏற்கெனவே முடிவாகிவிட்டிருந்தது. அதற்குச் சந்தையைக் காரணம் சொல்ல முடியாது.

நான் இப்போது மாதப் படம் போடுவதில்லை. யாராவது கேட்டால், கோடு மூன்று மாதமாக எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் சொல்கிறேன். மொத்தம் எழுதும் பத்தியை மறைத்து வைத்திருக்கிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை, மண்டபத்தில் நாற்காலி போடும் வேலைக்கு அவர் வந்திருந்தார். வரிசை வரிசையாகப் போட்டு முடித்ததும், எத்தனை இருக்கிறது என்று ஆன்ட்டி கேட்டார். அவர் ஓரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, “நூத்தி நாப்பத்தாறு” என்றார். உடனே என் பக்கம் திரும்பி, “எதுக்கும் நீங்க ஒருக்கா எண்ணிருங்க மேடம்” என்றார்.

“வேண்டாம் அண்ணே. நீங்க எண்ணினா சரியாத்தான் இருக்கும்” என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு முதல் வரிசைக்குப் போய், ஒவ்வொரு நாற்காலியின் முதுகையும் தொட்டு, தானே மறுபடியும் எண்ண ஆரம்பித்தார்.